வன்னியில் இருந்து செந்தோசாவுக்கு: யூனிவர்சல் ஸ்டூடியோஸில் முழுக் குடும்பமும் ஒரு நாளைக் கழிக்க ஒரு வழிகாட்டி

கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிற மகளுக்கு ஊருக்கு வர லீவு போதாது, கிளிநொச்சியில் இருக்கிற அம்மாவுக்கு அங்கே போக விசா கிடைக்கவில்லை, அப்போது இரண்டு பக்கத்தாரும் நடுவில் சிங்கப்பூரில் சந்திப்போம் என்று முடிவெடுக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூர் போக முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை என்பதுதான் பெரிய காரணம். அப்படிப் போகிற எல்லோருக்கும் ஒரு நாள் கட்டாயம் வரும்: பிள்ளைகள் செந்தோசாத் தீவில் இருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற சினிமா விளையாட்டுப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று நிற்பார்கள்.

இணையத்தில் அந்த இடத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எல்லாமே ஒரே நாளில் எத்தனை ரைட் (ஏறி விளையாடுகிற சவாரி) ஏறலாம் என்ற கணக்கிலேயே போகும். எழுபது வயது அம்மம்மா, முதுகில் ஷெல் துண்டோடு இருக்கிற மாமா, ரொறன்ரோவில் பிறந்த பேரன், விசுவமடுவில் வளர்கிற அவன் மச்சாள், இவர்கள் எல்லோரும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கினால் அந்த நாளை எப்படி நடத்துவது என்று அவற்றில் இருக்காது. இது அதற்காக எழுதியது. முதலில் ஆட்களைப் பாருங்கள், பிறகு ரைட்களைப் பாருங்கள். கீழே வருகிற எல்லாமே அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

எப்போது போவது

காலபோக நெல் வெட்டி முடிந்து கையில் காசு வருகிற மாசி, பங்குனி எங்கள் ஆட்களுக்குச் சரியான காலம், அதிர்ஷ்டவசமாக சிங்கப்பூரிலும் அதுதான் நல்ல காலம். அங்கே பெப்ரவரியில் மழை குறைவு. சீனப் புத்தாண்டு வருகிற கிழமையை மட்டும் விடுங்கள், அப்போது சனமும் கூட, விலையும் கூட. மார்ச் நடுவில் அங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை வரும், அதையும் பார்த்துத் தவிருங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஓகஸ்ட்தான் என் தெரிவு. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் தவணை விடுமுறை வருகிற நேரத்தில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுடைய நீண்ட விடுமுறைகள் ஜூனிலும், நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடிய வரையும்தான். ஓகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய நாள், அந்த இரண்டு மூன்று நாட்களை விட்டால் மிச்ச வாரநாட்கள் ஆறுதலாக இருக்கும். மடு ஆவணித் திருவிழாவுக்குப் போகிற குடும்பங்கள் 15ஆம் திகதி முடித்துவிட்டு வெளிக்கிட்டாலும் காலம் சரியாக வரும். டிசம்பரில் போனால் மழையும் சனமும் சேர்ந்து வரும், வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் போங்கள்.

கிழமையில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கிறவர்கள் அந்த நாளைப் பூங்காவுக்கு வைக்காதீர்கள், உள்ளே சைவச் சாப்பாடு இருந்தாலும் தெரிவு குறைவு. செப்டெம்பர் கடைசி, ஒக்டோபரில் பின்னேரங்களில் ஹலோவீன் நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட், பகல் டிக்கெட்காரர்களை அந்த நாட்களில் வேளைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் போகிறவர்கள் தங்கள் திகதிக்கு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டே காசு கட்டுங்கள்.

ஊரில் செய்து முடிக்கவேண்டியவை

கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கவேண்டும். புதிதாக எடுக்கிறவர்களுக்கு வவுனியாவிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை இருக்கிறது, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் யுத்தத்தில் தொலைந்துபோனவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கும் வேலையை மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்குங்கள். பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய் தகப்பன் இருவருடைய சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் இல்லாத, அல்லது இருக்கிறாரா என்றே தெரியாத வீடுகள் எங்களிடம் எத்தனையோ இருக்கின்றன. அப்படியான தாய்மார் கையில் இருக்கிற சான்றிதழ் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய், விண்ணப்பம் கொடுக்க முன்னரே என்ன வேண்டும் என்று நேரில் கேளுங்கள். விமான டிக்கெட் எடுத்த பிறகு அந்த அலைச்சல் வேண்டாம்.

சிங்கப்பூர் இறங்க வருகை அட்டை ஒன்று இணையத்தில் நிரப்பவேண்டும். இறங்குகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். திரும்பி வருகிற டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குக் காசு இருப்பதற்கான அத்தாட்சி, இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் கடதாசியிலும் எடுத்துப் போங்கள். குடிவரவில் கேட்டால் அம்மம்மா கையில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கவேண்டும்.

வெற்றிலை போடுகிற பெரியவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சிங்கப்பூருக்குள் வாயில் போடுகிற புகையிலை கொண்டுபோகத் தடை. மடியில் சுருட்டி வைத்த ஒரு துண்டும் சிக்கல்தான். சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பெட்டி என்றாலும் சொல்லி வரி கட்டவேண்டும். மின்சிகரெட், சுவிங்கம் இரண்டும் வேண்டவே வேண்டாம். வெளிக்கிட முதல் நாள் தாத்தாவின் பையை நீங்களே ஒருக்கால் திறந்து பாருங்கள்.

மருந்து எடுக்கிறவர்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவேண்டும். சீனி, பிறஷர் குளிசைகள் கைப்பையில், பெட்டிக்குள் இல்லை. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள், எலும்புக்குள் கம்பி வைத்தவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கருவி சத்தம் போட்டால் கடிதத்தைக் காட்டுவது லேசு. ரைட் ஏறலாமா என்று வைத்தியரிடம் கேட்பதற்கும் அதுதான் சந்தர்ப்பம். கழுத்து, முதுகு, இதயம் இவற்றில் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான ரைட்களில் ஏறக்கூடாது, இதில் பார்க்கலாம் என்ற கதை இல்லை.

அப்புறம் உடுப்பு. பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது சப்பாத்து. பாட்டா செருப்போடு நாள் முழுக்க நடக்க முடியாது, சில ரைட்களில் கழற்றச் சொல்வார்கள். சேலையும் நீளமான துப்பட்டாவும் ரைட்டில் ஆபத்து, அம்மாமாருக்கு அன்றைக்குச் சல்வார், துப்பட்டா இல்லாமல் அல்லது இறுக்கிக் கட்டி. ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, மெல்லிய மழைக்கோட்டு. மழைக்கோட்டை வவுனியாவிலேயே வாங்கிவிடுங்கள், உள்ளே அதே சாமான் பல மடங்கு விலை.

டிக்கெட்

திகதி போட்ட ஒருநாள் டிக்கெட்டை பூங்காவின் சொந்தத் தளத்தில் எடுக்கலாம், அல்லது க்ளூக் மாதிரிப் பெயர் தெரிந்த தளத்தில். 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, 4 முதல் 12 வரை சிறுவர் விலை, 60 தாண்டியவர்களுக்கு நன்றாகக் குறையும். பெரியவர்களுக்கும் முழு விலைக்கு எடுத்துவிட்டுப் பிறகு கவலைப்படாமல் வயதைப் பார்த்து எடுங்கள், வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

வரிசையில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் என்று ஒன்றும் விற்பார்கள். நாளுக்கு நாள் விலை மாறும், சனம் கூடின நாட்களில் டிக்கெட் விலையையே எட்டிவிடும். வாரநாளில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசில் குடும்பமே இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடலாம். ஜூனிலோ டிசம்பரிலோ, ஒரே ஒரு நாள் மட்டும் கையில் வைத்துக்கொண்டு கனடாவில் இருந்து வருகிறவர்கள் எடுக்கலாம், அதுவும் ஓடி ஏறுகிற பிள்ளைகளுக்கு மட்டும்.

ஏறாத அம்மம்மாவுக்கு டிக்கெட் எடுப்பதா என்று எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு வரும். அவவே "எனக்கேன் பிள்ளை வீண் செலவு, நான் வெளியில இருக்கிறன்" என்று சொல்லுவா. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவவுக்கு நடக்க முடிந்தால், சனத்துக்குள் இருக்கப் பிடித்தால், எடுங்கள். பேரப்பிள்ளை சிரித்துக்கொண்டு இறங்கி வருவதைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவ வெளியே வாங்கில் இருக்கக்கூடாது. உள்ளே தெரு நடனம், இருந்தபடி பார்க்கிற காட்சிகள் இருக்கின்றன. அவவுக்கு இரைச்சல் ஒத்துவராது என்றால் பக்கத்திலேயே சிங்கப்பூர் ஓஷனேரியம் இருக்கிறது, 2025 ஜூலையில் திறந்தது. குளிராக, அமைதியாக, கண்ணாடிக்குள் மீன் நீந்துகிற இடம். ஒரு சித்தியோ மாமாவோ கூடப்போய் அரைநாளை அங்கே கழித்துவிட்டு மத்தியானம் எல்லோரும் சேரலாம். எதைச் செய்தாலும் முதல் நாள் இரவே அவவிடம் கேட்டு முடிவெடுங்கள், வாசலில் வைத்து இல்லை.

போகும் நாள்

விமானம் இறங்குகிற நாளில் பூங்காவுக்குப் போகவேண்டாம். கிளிநொச்சியில் இருந்து அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வாகனத்தில் எப்படியும் ஆறு ஏழு மணித்தியாலம், முல்லைத்தீவில் இருந்து இன்னும் கூட. அதன் மேல் நாலு மணித்தியாலப் பறப்பு. சிங்கப்பூர் நேரம் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முன்னால், அதனால் அங்கே காலை ஆறு மணி என்றால் உடம்புக்கு இரவு மூன்றரை. ஒரு நாள் படுத்து எழும்பிவிட்டுப் போனால் அந்த டிக்கெட் காசுக்குப் பலன் இருக்கும்.

தங்குமிடம் லிட்டில் இந்தியாவில் எடுத்தால் போக்குவரத்து லேசு. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு வழித்தட ரயிலில் ஏறினால் மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம், கால் மணித்தியாலம்தான். வங்கி அட்டை வைத்திருக்கிறவர்கள் விசா, மாஸ்டர்காட் அட்டையை ரயில் நிலைய வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரு அட்டையில் நாலு பேர் போக முடியாது. ஹார்பர்ஃபிரண்டுக்கு மேலேயே விவோசிட்டி என்ற கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்கிற ஒற்றைத் தண்டவாள ரயில். தீவுக்குள் போக 4 சிங்கப்பூர் டொலர், திரும்பி வரக் காசில்லை. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். நடக்கக்கூடியவர்கள் விவோசிட்டிக்கு வெளியே இருக்கிற பாலத்தால் காசில்லாமல் நடந்தும் போகலாம், கூரை போட்ட பாதை, கடல் பார்த்துக்கொண்டு போகலாம்.

காலைச் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவிலேயே வயிறு நிறைய முடியுங்கள். சிராங்கூன் வீதியில் இட்லி தோசைக் கடைகள் வேளைக்கே திறந்திருக்கும். பூங்காவுக்குள் வெளிச்சாப்பாடு விடமாட்டார்கள், புட்டுப் பொட்டலம் வாசலிலேயே நின்றுவிடும். குழந்தைச் சாப்பாடும் மருத்துவக் காரணத்துக்கான சாப்பாடும் வேறு கதை, அதை வாசலில் சொல்லிக் கொண்டுபோகலாம். சீனி வருத்தக்காரர் பையில் இரண்டு பிஸ்கட்டும் ஒரு இனிப்பும் வைத்திருக்கவேண்டும். வெறும் போத்தல் ஒன்று ஆளுக்கு ஆள் கொண்டுபோங்கள், உள்ளே குடிதண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன.

வழக்கமாக 10 மணிக்குத் திறப்பார்கள், ஆனால் நாளுக்கு நாள் மாறும், தளத்தில் பாருங்கள். அரை மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். சுற்றுகிற பெரிய உலக உருண்டைக்கு முன்னால் படம் எடுக்க எல்லோரும் நிற்பார்கள். அதை அங்கே காலையில் எடுக்காதீர்கள், பின்னேரம் வெளியே வரும்போது ஆறுதலாக எடுக்கலாம், அது வாசலுக்கு வெளியே இருக்கிறது.

உள்ளே: எந்தப் பக்கம் முதல்

பூங்கா ஏறக்குறைய 50 ஏக்கர். நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி ஏழு பகுதிகள், எங்கே தொடங்கினாலும் சுற்றி வாசலுக்கே வந்து சேர்வீர்கள். வழி தவறப் பயம் வேண்டாம். உள்ளே போனதும் ஹொலிவூட். வலப்பக்கம் போனால் நியூயோர்க், பிறகு சை-ஃபை சிட்டி, எகிப்து. இடப்பக்கம் 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் லாண்ட், அதற்கடுத்து கோட்டை தெரிகிற ஃபார் ஃபார் அவே, பிறகு லொஸ்ட் வேர்ல்ட்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இடப்பக்கம் போகட்டும். மினியன் லாண்டில் உள்ள முக்கிய ரைட் புதிது, வரிசை சீக்கிரம் நீளும். வளர்ந்த பிள்ளைகள் வலப்பக்கம் சை-ஃபை சிட்டிக்கு நேரே போகட்டும். முதல் மணித்தியாலத்தில் இரண்டு பெரிய ரைட்களை முடித்தால் பிறகு நாள் முழுக்க அவசரம் இருக்காது. பெரிய குடும்பம் காலையில் இரண்டாகப் பிரிந்து மத்தியானம் ஒன்றாகச் சேர்வதுதான் நல்லது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்து போகவேண்டும் என்றால் மூன்றாவது வரிசையிலேயே சண்டை வரும்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்ற பிள்ளையை அளவுகோலுக்குக் கீழே நிறுத்தித் திருப்பி அனுப்புவதைப் பார்க்க முடியாது, அப்படி அழும். பேட்டில்ஸ்டார் கலக்டிகா ரைட்டுக்குக் குறைந்தது 125 சென்டிமீற்றர், மம்மி ரைட்டுக்கு 122, ஜுராசிக் தண்ணீர்ச் சவாரிக்கு 107, ட்ரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102, புஸ் இன் பூட்ஸுக்கு 100, கனோபி ஃப்ளையருக்கும் என்சான்டட் எயார்வேஸுக்கும் 92. இவற்றில் கடைசி ஐந்தில் 122க்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் ஏறவேண்டும். உயரம் போதாத பிள்ளைக்கு நியூயோர்க் பகுதியில் செசமி ஸ்ட்ரீட் ரைட் இருக்கிறது, உள்ளரங்கம், மெதுவானது, குளிரானது.

பேட்டில்ஸ்டார் என்பது பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இரண்டு ரோலர் கோஸ்டர். சிவப்பில் இருந்துகொண்டு போவீர்கள், நீலத்தில் கால் தொங்கும், தலைகீழாகச் சுழற்றும். முதல் தடவை ஏறுகிறவர் சிவப்பில் ஏறட்டும். போன், மூக்குக்கண்ணாடி, சங்கிலி எல்லாம் லொக்கரில். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை உடுப்புக்குள் விட்டு ஊசி குத்திக்கொள்ளுங்கள், அல்லது ஏறாமல் விடுங்கள். தனியாக ஏறச் சம்மதம் என்றால் பெரிய ரைட்களில் தனியாள் வரிசை இருக்கிறது, காலி இருக்கைக்கு ஒவ்வொருவராக விடுவார்கள். பதினைந்து வயதுப் பெடியளுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ஜுராசிக் தண்ணீர்ச் சவாரி முடிய முழுக்க நனைந்திருப்பீர்கள். அதை மத்தியானத்துக்கு முன் வெய்யிலோடு வையுங்கள். நனைந்த உடுப்போடு குளிரூட்டின அரங்குக்குள் போய் இருக்கக்கூடாது, மாற்றுடுப்பு அதற்காகத்தான்.

சத்தம்

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். எங்கள் ஆட்களுக்கு இது மிகவும் தேவை, வேறு எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லாது.

2009 வரை வன்னியில் இருந்த எவருக்கும் கிபிர் போர்விமானச் சத்தமும் ஷெல் கூவி வருவதும் காதில் இருக்கிறது. வருடங்கள் போய்விட்டன, பிள்ளைகள் பிறந்துவிட்டன, பகலில் அதைப்பற்றிப் பேசுவதும் இல்லை. ஆனால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பக்கத்து வளவில் ஒரு வெடி போட்டால் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் குனிகிற ஆள் எத்தனை வீட்டில் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். யூனிவர்சல் என்பது சினிமாக்காரர் கட்டின இடம். அங்கே வெடிச்சத்தம், நெருப்பு, விமானம், துவக்குச் சூடு எல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வைத்திருக்கிற காட்சிகள். மற்ற நாட்டுக்காரருக்கு அது விளையாட்டு, எங்கள் வீட்டில் ஒருவருக்கு அப்படி இல்லாமல் போகலாம்.

முதலாவது வோட்டர்வேர்ல்ட். திறந்தவெளி அரங்கில் நடக்கிற தண்ணீர்ச் சாகசக் காட்சி. ஆட்கள் சுட்டுக்கொள்வார்கள், நெருப்புப் பந்து எழும்பும், அதன் வெப்பம் முகத்தில் படும், முடிவுப் பக்கத்தில் ஒரு விமானம் மதிலுக்கு மேலால் பாய்ந்து தண்ணீரில் விழும். தெரியாமல் போய் இருந்தால் நடுங்க வைக்கிற காட்சி அது. இரண்டாவது லைட்ஸ் கமரா அக்‌ஷன். உள்ளரங்கில் நின்றபடி புயல் ஒன்றைக் காட்டுவார்கள், இருட்டு, தீ, பெரிய முழக்கம். ட்ரான்ஸ்ஃபோமர்ஸில் ஆள் இருக்கிற பெட்டியே ஆடும், திரையில் ஏவுகணைகள் முகத்துக்கு நேரே வரும், நகரம் இடியும். மம்மி கும்மிருட்டில் ஓடுகிற கோஸ்டர், திடீரென்று நெருப்பு, பின்பக்கமாகவும் ஓடும். ஜுராசிக்கில் ஒரு இருட்டறைக்குள் மேலே தூக்கிவிட்டுச் சடாரென்று கீழே விடுவார்கள். பேட்டில்ஸ்டார் வேகமே தவிர வெடி இல்லை, அதனால் துணிந்த மாமாமாருக்கு உண்மையில் அது லேசான தெரிவு.

ஆக என்ன செய்வது? வெளிக்கிட முதல் நாள் வீட்டில் ஒவ்வொன்றிலும் என்ன வரும் என்று சொல்லுங்கள். மறைத்து வைத்து ஆச்சரியப்படுத்துவது இந்த விஷயத்தில் வேண்டாம். சாதாரணமாகவே கேட்கலாம்: "அம்மம்மா, இதுக்குள்ள வெடிச்சத்தம் வரும், பிளேன் ஒண்டு வந்து விழுற மாதிரிக் காட்டுவினம். நீங்கள் பார்க்கிறீங்களோ, இல்லாட்டி நாங்கள் ரண்டு பேரும் கோட்டைப் பக்கம் போவமோ?" இரண்டு தெரிவையும் ஒரே நேரத்தில் வைத்துக் கேளுங்கள். தனக்காக மற்றவர்கள் காட்சியை விடுகிறார்கள் என்று தோன்றினால் அவ ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இருந்து தவிப்பா. ஒருவர் கூட நிற்கப்போகிறார் என்பது முதலே முடிவாகியிருக்கவேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவரும் இருப்பார். விடுங்கள். ஆனால் வோட்டர்வேர்ல்டில் முன்வரிசை வேண்டாம், பின்னால், வெளியேறுகிற வழியின் ஓரத்தில் இருங்கள். சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் கையைப் பிடித்துக்கொண்டு முதலே சொல்லுங்கள். காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ ஒரு சோடி பையில் இருக்கட்டும். யாராவது திடுக்கிட்டு எழும்பிவிட்டால் சுற்றி இருப்பவர்களைப் பார்த்துக் கூச்சப்படாமல் கூட எழும்பி வெளியே போங்கள், தண்ணீர் கொடுங்கள், நிழலில் இருங்கள், என்ன நடந்தது என்று துருவிக் கேட்கவேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவைக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் விளங்கும். "தாத்தா ஏன் பயப்பிடுறார்" என்று அங்கே வைத்துச் சிரித்துக் கேட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் அது மனதில் நிற்கும். முதல் நாள் இரவு இரண்டு வசனத்தில் சொன்னால் அந்தப் பிள்ளையே தாத்தாவின் பக்கத்தில் வந்து இருக்கும். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான்.

செயற்கைக் காலோ கையோ உள்ளவர்கள் ஒவ்வொரு ரைட்டின் வரிசையிலும் கேட்டுக்கேட்டு அலையாமல், உள்ளே போனதும் விருந்தினர் சேவை மேசைக்குப் போய் எதில் ஏறலாம் எதில் ஏறக்கூடாது என்று ஒரேயடியாகக் கேளுங்கள். சில ரைட்களில் இருக்கையில் தானாக ஊன்றிப் பிடிக்கிற பலம் வேண்டும், அதை அவர்கள் சொல்லுவார்கள். சக்கர நாற்காலி வாசலுக்குக் கிட்ட வாடகைக்கு எடுக்கலாம். நடக்கக்கூடிய பெரியவருக்கும் எடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு அது பெரிய உதவி, ஏறமாட்டேன் என்று சொன்னால் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள், மூன்று மணிக்கு அவரே இருப்பார்.

மத்தியானமும் மழையும்

வன்னி வெய்யிலில் வேலை செய்தவனுக்கு இதென்ன வெய்யில் என்று நினைக்கவேண்டாம். எங்கள் வெய்யில் காய்ந்த வெய்யில், வேப்பமர நிழலில் ஒதுங்கினால் காற்று வரும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, அங்கே காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது, நிழலிலும் அவிக்கும். பதினொன்றரைக்கே சாப்பிடப் போங்கள், பன்னிரண்டரைக்கு எல்லாக் கடையும் நிரம்பிவிடும். ஒரு வேளைச் சாப்பாடு ஆளுக்கு 15 டொலருக்கு மேல் போகும். எகிப்துப் பகுதியில் இருக்கிற ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்தியச் சாப்பாடு, ஹலால், எங்கள் நாக்குக்கு அது ஒத்துவரும். பெரிய தட்டு ஒன்றை இரண்டு பேர் பகிரலாம், அதில் ஒன்றும் வெட்கமில்லை. காசைக் கட்டாயம் மிச்சம் பிடிக்கவேண்டிய குடும்பம் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய், விவோசிட்டி உணவுத் தொகுதியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். ஆனால் தீவுக்குள் வர மறுபடி 4 டொலர், ஒன்றரை மணித்தியாலமும் போகும். நாலு பேருக்குக் குறைவான குடும்பத்துக்கு அது பிரயோசனமில்லை.

பின்னேரத்தில் இடி முழங்கினால் வெளியே ஓடுகிற ரைட்களை நிறுத்திவிடுவார்கள். மின்னல் கிட்ட இருக்கும் வரை திறக்கமாட்டார்கள். அதனால் வெளி ரைட்கள் எல்லாம் காலையில், கூரைக்குள் இருப்பவை பின்னேரம் என்று வைத்தால் மழை உங்களைக் கெடுக்காது. மழை விட்டதும் பாதிச் சனம் போய்விடும். அந்தக் கடைசி ஒன்றரை மணித்தியாலம்தான் நாளிலேயே நல்ல நேரம். ஒவ்வொரு ரைட் வாசலிலும் எத்தனை நிமிடம் காத்திருக்கவேண்டும் என்று பலகையில் போட்டிருப்பார்கள். காலையில் விட்டதை அப்போது பிடியுங்கள்.

பிள்ளை தவறினால் என்ன செய்வது என்பதை முதலே பேசுங்கள். சின்னப் பிள்ளையின் கையில் உங்கள் சிங்கப்பூர் நம்பரைப் பேனையால் எழுதிவிடுங்கள். போன் இல்லாத அம்மம்மாவின் பைக்குள்ளும் ஒரு துண்டில் நம்பரும் தங்குமிடப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ் அங்கே அரச மொழிகளில் ஒன்று, தமிழ் பேசுகிற ஊழியர் ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, அவவுக்கு அதையும் சொல்லிவையுங்கள்.

திரும்பும்போது

பூட்டுகிற நேரத்தில் ரயில் நிலையத்தில் நெரிசல். அரை மணித்தியாலம் பிந்தி வெளிக்கிடுங்கள், அந்த நேரத்தில் உருண்டைக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாம், இப்போது வெளிச்சம் போட்டு அழகாக இருக்கும். கடைகளில் பொம்மை வாங்கக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு தொகையைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள், ஊரில் இருந்து வந்த பிள்ளைக்கும் கனடாவில் இருந்து வந்த பிள்ளைக்கும் ஒரே தொகை. இது முக்கியம். கனடா மச்சான் ஐம்பது டொலருக்கு வாங்கும்போது விசுவமடு மச்சாள் சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைக்கிற நிலை வரக்கூடாது, பெரியவர்கள் இதை முதலே தங்களுக்குள் பேசவேண்டும்.

கடற்கரை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதே ஒற்றைத் தண்டவாள ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போய் வரலாம், தீவுக்குள் காசில்லை. முல்லைத்தீவுக் கடல் பார்த்தவர்களுக்கு அலை இல்லாத அந்தக் கடல் பெரிதாகத் தெரியாது, ஆனால் கால் நனைத்து இருக்க நல்ல இடம். செந்தோசா எக்ஸ்பிரஸ் நள்ளிரவு வரை ஓடும், அவசரப்படவேண்டாம்.

அடுத்த நாள் காலையில் எதையும் வைக்காதீர்கள். கால் வீங்கும், பெரியவர்களுக்கு ஒரு சுடுதண்ணீர் ஒத்தடமும் நல்ல நித்திரையும் வேண்டும். லிட்டில் இந்தியாவில் இருக்கிற பெரிய முஸ்தபா கடைக்குப் பின்னேரம் போகலாம், இரவு வரை திறந்திருக்கும்.